தந்தியிற் படரும் குரல்

வீணையொன்றை அருகிருந்து பார்த்தவர்கள், அதன் தண்டியின் மேல் மெழுகிற் பதிக்கப்பெற்ற இருபத்து நான்கு மெட்டுகளைக் கண்டிருப்பார்கள். மேனாட்டுக் கிற்றாரிலும் அவ்வாறே குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ளன. எந்த இடத்தில் விரலை ஊன்றினால் எந்தச் சுரம் பிறக்கும் என்பதை அவை வாசிப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. ஆனால் மனிதனுடைய தொண்டையிலே மெட்டுகள் இல்லை. குழந்தையைத் தாலாட்டும் தாய் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குத் தாவுவதில்லை, நழுவிச் செல்கிறாள். ஒப்பாரி வைக்கும் பெண், இரண்டு சுரங்களுக்கு இடையேயுள்ள பெயரற்ற இடங்களிலேதான் தன் துயரத்தை வைக்கிறாள். அந்த இடங்களைத் தந்தி வாத்தியத்திலே பிடிப்பதற்கு மனிதன் கண்ட உபாயம் மிக எளியது. கண்ணாடிப் போத்தலின் கழுத்து, உருக்குத் துண்டு, கருங்காலிக் கட்டை ஆகிய இவற்றுள் ஒன்றைத் தந்தியின் மேல் மெல்ல வைத்து நகர்த்துவதே அவ்வுபாயம்.

இன்று அந்தச் சிறு துண்டைப் பற்றியும், அதனைக் கையிற் கொண்டு உலகின் இரு கோடிகளிலிருந்து வந்து ஓரிடத்திலே சந்தித்த இரு கலைஞர்களைப் பற்றியும் உங்களுடன் பேச விரும்புகிறேன். நான் சங்கீத வித்துவானல்லன். கலைப் பட்டதாரியாகிய நான், வன்னியிலே ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராகக் கடமையாற்றுகிறேன். கேட்டு மகிழ்ந்தவன் என்ற ஓர் உரிமையைத் தவிர இந்தப் பொருளிலே எனக்கு வேறு உரிமை கிடையாது.

முதலில் அத்துண்டின் தொழிலை விளக்கிவிடுகிறேன். தந்தியின் நடுப்புள்ளியைத் தொட்டு மீட்டினால், ஆதார சட்சத்தின் மேல் தாயிச் சட்சம் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்கை ஒலிக்கவிட்டால் பஞ்சமம் பிறக்கும். மெட்டுள்ள வாத்தியத்திலே இந்த அளவுகளை வாத்தியத்தைச் செய்தவர் முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறார். விரல் சற்று முன்பின்னாக விழுந்தாலும் மெட்டு அதனைத் திருத்திக்கொள்ளும். நகரும் துண்டைக் கொண்டு வாசிப்பவனுக்கு அத்தகைய துணை இல்லை. அவன் தந்தியை மெட்டின் மேல் அழுத்தவும் கூடாது. துண்டைத் தந்தியிற் படியுமளவுக்கு மட்டும் வைத்தல் வேண்டும். அழுத்தம் கூடினால் தந்தி மெட்டிலே மோதிக் கடகடக்கும், குறைந்தால் சீறும். மேல் தாயிக்குப் போகப் போகச் சுரங்களுக்கிடையேயுள்ள தூரமும் சுருங்கிக்கொண்டே போகும். அங்கே ஒரு நெல்மணியின் அகலம் தவறினாலும் சுருதி கெட்டுவிடும். கண் அங்கே அதிகம் உதவாது. எங்கே நிற்பது என்பதைக் காது ஒன்றுதான் சொல்ல முடியும்.

இவ்வாறு வாசிக்கும் முறை நம்மவர்க்குப் புதியதன்று. தஞ்சைச் சீமையிலே வளர்ந்த கோட்டுவாத்தியத்தைத் தமிழ் இரசிகர்கள் அறிவார்கள். இப்பொழுது அதனைச் சித்திரவீணை என்றும் அழைக்கின்றனர். பார்வைக்கு வீணையைப் போன்றதாயினும் அதில் மெட்டுகள் இல்லை. மேலே ஆறு பிரதான தந்திகள், பக்கத்திலே சுருதிக்கென மூன்று, அவற்றின் கீழே தாமாக அதிர்ந்து கார்வை தரும் பதினொன்று அல்லது பன்னிரண்டு மெல்லிய தந்திகள் என இருபதுக்குக் குறையாத தந்திகள் அதில் உண்டு. திருவிடைமருதூர் சகாராமராவ் அதனைக் கச்சேரி மேடைக்குரியதாக்கினார். அவருக்குப் பின் நாராயண ஐயங்காரும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதன் புகழை நிலைநாட்டினர். அவர்களுடைய இடக்கையிலே இருந்தது பெரும்பாலும் கருங்காலியிற் கடைந்த உருளைக் கட்டை. கோடு என்ற சொல்லுக்கு மரக்கொம்பு என்றும் பொருளுண்டு என்பதை இங்கே நினைவுகூரலாம். எங்கள் வன்னிக் காடுகளிலே முதிரையும் பாலையும் நிற்கும் இடங்களிற் கருங்காலியும் நிற்கின்றது. எங்கள் பாட்டிமார் அதனை உலக்கையாகவே அறிந்திருந்தனர். அதே மரத்தின் ஒரு சாண் துண்டு தந்தியின் மேல் ஊர்ந்து இராக ஆலாபனை செய்யும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள்.

இனி, கடல் கடந்து செல்வோம். 1903ஆம் ஆண்டளவிலே, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ரட்வைலர் என்னும் சிற்றூரின் புகையிரத நிலையத்திலே, டபிள்யு. சி. ஹாண்டி என்ற வாத்தியக் குழுத் தலைவர் வண்டிக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டார். அவர் விழித்தபோது, கந்தலுடுத்த கறுப்பின மனிதர் ஒருவர் அருகிலிருந்து, கத்தியொன்றைக் கிற்றார்த் தந்திகளின் மேல் வைத்து நகர்த்திப் பாடிக்கொண்டிருந்தார். தாம் அதுவரை கேட்டவற்றுள் மிக விசித்திரமான இசை அதுவே என்று ஹாண்டி பின்னர்த் தம் சுயசரிதையில் எழுதினார். பெயர் தெரியாத அந்த மனிதர் வாசித்ததையே உலகம் இன்று புளூஸ் என்று அழைக்கின்றது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார், பருத்தித் தோட்டங்களிலே உழைத்துக் களைத்த வேளைகளிற் பாடிய பாட்டு அது. ஏறக்குறைய அதே காலத்திலே, பசுபிக் சமுத்திரத்தின் ஹவாய்த் தீவுகளிலும் கிற்றாரை மடியிற் கிடத்தி உருக்குத் துண்டினால் வாசிக்கும் முறை பரவியிருந்தது. அதனை 1889ஆம் ஆண்டளவிற் கண்டுபிடித்தவர் ஜோசப் கெக்குக்கு என்ற பாடசாலை மாணவர் என்பர்.

புளூஸ் இசையிலே நம் காதுக்கு உடனே உறவாகிவிடும் ஒன்று உண்டு. அதன் காந்தாரம் நமது சாதாரண காந்தாரமும் அன்று; அந்தர காந்தாரமும் அன்று. இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் அது அசைந்துகொண்டிருக்கும். பியானோவிலே அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. கமகத்தைக் கேட்டுப் பழகிய நமக்கோ அது அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஒரு சுரத்தை அசையாமல் நிறுத்துவதிலும் பார்க்க, அதன் அண்டை அயலையும் சேர்த்துக் காட்டுவதே அழகு என்ற கொள்கை இரு திறத்தாருக்கும் பொதுவானது.

டெக்சாஸ் மாநிலத்திலே வில்லி ஜோன்சன் என்ற பார்வையற்ற பாடகர் ஒருவர் இருந்தார். தெருவோரங்களிலே பக்திப் பாடல்களைப் பாடி வாழ்ந்தவர் அவர். 1927ஆம் ஆண்டு டிசம்பரிலே டலஸ் நகரில் அவர் ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். இருண்ட இரவையும் குளிர்ந்த தரையையும் பெயராகக் கொண்ட அந்தப் பாட்டிலே சொற்கள் இல்லை. அவர் முனகுகிறார், அந்த முனகலின் பின்னே தந்தி நகர்ந்து வருகின்றது. எது குரல், எது தந்தி என்று பிரித்தறிவது கடினம். 1945ஆம் ஆண்டில் அவர் வறியவராகவே மறைந்தார். ஆயினும் 1977ஆம் ஆண்டிலே வொயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பப்பட்ட பொன்முலாமிட்ட இசைத்தட்டிலே, உலகத்து இசைகளுள் தேர்ந்தெடுத்த இருபத்தேழு பதிவுகளுள் ஒன்றாக அது இடம்பெற்றது. நமது கேசர்பாய் கேர்க்கர் அம்மையாரின் பாட்டும் அதே தட்டில் உண்டு. அவ்விரு குரல்களும் இன்று சூரிய மண்டலத்தின் எல்லைகளுக்கு அப்பாற் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த எளிய இசை பிற்காலத்திலே பெரும் ஆரவாரத்தோடு உலகை வலம் வந்தது. மிசிசிப்பியின் தோட்டத் தொழிலாளியாயிருந்த மடி வாட்டர்ஸ் 1943ஆம் ஆண்டு சிக்காக்கோ நகருக்குக் குடிபெயர்ந்து, மின்சாரக் கிற்றாரிலே அதனை முழங்கச் செய்தார். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த இங்கிலாந்து இளைஞர்கள், 1960களிலே அதனை றொக் இசையோடு கலந்தனர். அவர்களுள் ஒரு குழுவினர் தமது குழுவின் பெயரையே மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாட்டொன்றிலிருந்து எடுத்துக்கொண்டனர். அவர்களே ரோலிங் ஸ்ரோன்ஸ். அமெரிக்காவிலும் அந்த அலை எழுந்தது. அவ்வலையின் உச்சியிலே நின்றவர் டுவேன் ஓல்மன் என்ற இளைஞர். தாஜ் மகால் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்ட அமெரிக்கப் புளூஸ் பாடகர் ஒருவரின் 1968ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டு மயங்கிய ஓல்மன், சளிக்கு அருந்தும் மாத்திரை அடைத்துவரும் சிறு கண்ணாடிப் போத்தலொன்றை வெறுமையாக்கி, அதனை மோதிர விரலிற் செருகிக்கொண்டு பயிலத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் செல்லுமுன், 1971ஆம் ஆண்டு மார்ச்சிலே, நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அவர் தம் சகோதரரோடும் தோழர்களோடும் வாசித்த கச்சேரி, அந்த இசையின் பொற்காலத்துக்குச் சாட்சியாக இன்றும் நிற்கின்றது. அதே ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி மோட்டார்ச் சைக்கிள் விபத்திலே அவர் இறந்தார். இருபத்தைந்தாவது பிறந்தநாள் வருவதற்கு மூன்று வாரங்கள் இருந்தன.

நேயர்களே, இவற்றையெல்லாம் வன்னியிலிருந்த நான் எவ்வாறு அறிந்தேன் என்று நீங்கள் வியக்கலாம். எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், இளமையிலே கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். 1971ஆம் ஆண்டிலே, சம்பளத்திற் பாதியைச் சாப்பாட்டுக் கடைக்கும் மீதியை இசைத்தட்டுக் கடைக்கும் கொடுத்ததாகச் சொல்லிச் சிரிப்பார். பிறகு ஆசிரியராகி எங்கள் ஊருக்கு வந்தார். தேவாரமும் நாதஸ்வரமும் அவருக்கு உயிர். ஆனால் ஓல்மனின் பெயரைச் சொன்னால் அவருடைய கண்கள் வேறு விதமாக ஒளிரும்.

1990ஆம் ஆண்டிற்குப் பின் எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் வானொலிக்குரிய பற்றரிகளும் வருவதில்லை. துவிச்சக்கர வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்திலேதான் நாங்கள் செய்தியும் பாட்டும் கேட்டோம். 1995ஆம் ஆண்டின் தொடக்கத்திலே போர்நிறுத்தம் நிலவிய சில மாதங்களில், கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஆசிரியருக்கு ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பொழுது நானும் ஆசிரியத் தொழிலிற் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மாலை வேளைகளில் அவருடைய முற்றத்திலே, மாமரத்தின் கீழ், அவர் கதிரையில் அமர்ந்திருப்பார்; நான் மிதியைச் சுழற்றுவேன்.

அந்த நாடாவின் பெயரைத் தமிழிற் சொன்னால், 'நதிக்கரையில் ஒரு சந்திப்பு' எனலாம். அதிலே வாசித்தவர்கள் இருவர். ஒருவர் ஜெய்ப்பூரில் 1950ஆம் ஆண்டு பிறந்த விஸ்வ மோகன் பட். பண்டிட் ரவிசங்கரின் மாணவர். மற்றவர் லொஸ் ஏஞ்சல்சில் 1947ஆம் ஆண்டு பிறந்த ரை கூடர். பழைய புளூஸ் வித்துவான்களின் வாசிப்பைப் போற்றிக் காத்து, றொக் இசையுலகிலே நகர்துண்டு வாசிப்பின் நாயகர்களுள் ஒருவராக விளங்கியவர். நான் முன்பு சொன்ன வில்லி ஜோன்சனின் முனகலை மனத்திற் கொண்டு, 1984ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாரிஸ், டெக்சாஸ்' என்ற திரைப்படத்துக்கு இசையமைத்தவரும் இவரே.

விஸ்வ மோகன் பட் வாசிப்பதும் ஒரு கிற்றாரே. ஆனால் அதனை அவர் நம் நாட்டு மரபுக்கு ஏற்பத் திருத்தியமைத்து, மோகன வீணை என்று பெயரிட்டார். இராகம் வாசிப்பதற்கு மூன்று தந்திகள், சுருதிக்கு ஐந்து, தாமாக அதிர்வதற்குப் பன்னிரண்டு என இருபது தந்திகள் அதில் உண்டு. தரையில் அமர்ந்து, வாத்தியத்தை மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டொன்றினால் அவர் வாசிப்பார். இந்த வழியை அவருக்கு முன்னரே சிலர் வெட்டியிருந்தனர். ஹவாயைச் சேர்ந்த ரவு மோ என்ற கலைஞர் 1940களிலே கல்கத்தாவிற் குடும்பத்தோடு தங்கி வாசித்ததனால் அங்கே ஹவாய்க் கிற்றார் மீது பெரும் மோகம் பிறந்தது. பின்னர், அலி அக்பர்கானின் மாணவரான பிரிஜ் பூஷண் கப்ரா அந்தக் கிற்றாரிலே முழு இராகத்தை வாசிக்கலாமென்று காட்டினார். 1967ஆம் ஆண்டிலே சந்தூர் சிவகுமார் சர்மாவுடனும் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவுடனும் சேர்ந்து அவர் வாசித்த 'பள்ளத்தாக்கின் அழைப்பு' என்னும் இசைத்தட்டு மிகுந்த புகழ் பெற்றது. பட் அந்த வழியை அகலமாக்கினார்.

அவ்விரு கலைஞரையும் ஒன்று சேர்த்தவர் கவிச்சந்திரன் அலெக்சாந்தர் என்ற ஒலிப்பதிவாளர். அவர் நம் இலங்கையிற் பிறந்தவர் என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன். 1992ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, கலிபோர்ணியாவின் சந்தா பார்பரா நகரிலுள்ள ஒரு சிற்றாலயத்தில் அவர் ஒலிப்பதிவுக்கு ஒழுங்கு செய்தார். பட்டும் கூடரும் அதற்கு முன் ஒருவரையொருவர் கண்டதில்லை. சந்தித்து ஒரு மணி நேரம் செல்லுமுன்னரே வாசிக்கத் தொடங்கிவிட்டனர். சுக்விந்தர் சிங் நாம்தாரி தபலா வாசித்தார். கூடரின் பதினான்கு வயது மகன் அரபுநாட்டு டும்பெக் வாசித்தான். ஒத்திகை கிடையாது. பதிவானவை நான்கே உருப்படிகள். அவற்றுள் ஒன்றுக்குக் கங்கையின் கழிமுகத்தையும் புளூஸையும் இணைத்துப் பெயரிட்டனர். புளூஸ் பிறந்த மிசிசிப்பிப் பகுதியும் கழிமுகம் என்றே அழைக்கப்படுவதால், அந்தப் பெயரிலேயே இரு நதிகள் கலந்துவிட்டன. 1993ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் பதிவுக்கு 1994ஆம் ஆண்டிலே கிராமி விருது கிடைத்தது.

எங்கள் மாமரத்தடியிலே விருதுச் செய்தியெல்லாம் எட்டவில்லை. நாங்கள் கேட்டது இரண்டு மனிதர் பேசிக்கொள்வதை. பட் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். அது மேலேறி, வளைந்து, நூல் போல இழைந்து, தனக்குரிய சுரத்திலே வந்து அமரும். கூடர் உடனே மறுமொழி சொல்லமாட்டார். சற்று நேரம் மௌனமாக இருந்து, இரண்டோ மூன்றோ சுரங்களை மட்டும், தாழ்ந்த குரலிலே, கீழே வைப்பார். பட்டிடம் வேகமும் அலங்காரமும் உண்டு. கூடரிடம் அடக்கம் உண்டு. எவரும் மற்றவரை வெல்ல முயலவில்லை. தம்மிலும் பார்க்க அதிக வித்தை தெரிந்தவரோடு வாசிக்கும்போது, குறைவாக வாசித்து நிறைவாகக் கேட்பது எவ்வளவு பெரிய பண்பு என்பதை நான் கூடரிடமே கற்றேன். எதிரே இருப்பவர் தம் இராக இலக்கணத்தை அறியாதவராயினும், அவர் சொல்வதற்கு இடம் விட்டு வாசித்த பட்டின் பெருந்தன்மையும் அதற்குக் குறைந்ததன்று.

இடையிலே ஒரு வேடிக்கையும் நிகழ்வதுண்டு. மிதியைச் சுழற்றும் என் கை தளரும். டைனமோவின் வேகம் குறையும். நாடா மெதுவாகும். உடனே வாத்தியங்கள் இரண்டும் மெல்லச் சுருதி இறங்கிக் கீழே வழுக்கும். நகர்துண்டு வாசிப்பாதலால், அது இசையின் ஒரு பகுதியென்றே சில கணம் தோன்றும்.

“தம்பி, பட் இறங்கேல்லை, உம்முடைய கைதான் இறங்குது. கொஞ்சம் உற்சாகமாய்ச் சுத்தும்” என்பார் ஆசிரியர்.

“சேர், நாலாவது பாட்டுக்கு வேற ஆள் பிடியுங்கோ” என்பேன் நான்.

அந்த நாடாவும் ஆசிரியருடைய இசைத்தட்டுகளும் 1996ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வீட்டோடு போய்விட்டன. ஆசிரியரும் பின்னர், இடம்பெயர்ந்திருந்த ஊரிலேயே காலமானார். ஆனால் சுருதி இறங்கினால் உடனே உணரும் காது மட்டும் என்னிடம் எஞ்சிற்று. அது எனக்குப் பயன்பட்டது இருபது ஆண்டுகள் கழித்து.

2016ஆம் ஆண்டிலே என் பாடசாலையில் ஒன்பதாந்தரத்திற் படித்த மாணவன் ஒருவன், சிறுவயதிலே வெடிக்காமற் கிடந்த பொருளொன்றைக் கையிலெடுத்து, இடக்கையின் மூன்று விரல்களை இழந்தவன். பெருவிரலும் சுட்டுவிரலுமே எஞ்சியிருந்தன. சங்கீத பாட வேளையிலே அவன் பின் வரிசையில் அமர்ந்திருப்பான். குரல் உடைந்துகொண்டிருந்த வயதாகையால் பாடவும் கூச்சம். பாடசாலைக்கு யாரோ அன்பளிப்புச் செய்த கிற்றார் ஒன்று களஞ்சிய அறையிற் கிடந்தது. ஒருநாள் அவன் அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். தந்தியை அழுத்த அவனுக்கு விரல்கள் இல்லை என்பது என்னிலும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பொழுது எனக்கு ஆசிரியர் முன்பு சொன்ன ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்திலே 1926ஆம் ஆண்டு பிறந்த சீடெல் டேவிஸ் என்பவர், பத்து வயதளவில் இளம்பிள்ளை வாதத்தினால் இரு கைகளின் வலிமையையும் பெரும்பாலும் இழந்தார். ஆயினும் கிற்றாரைக் கைவிடவில்லை. சாப்பாட்டு மேசைக் கத்தியொன்றை மடங்காத விரல்களிற் செருகி, அதன் பிடியைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிக்கப் பழகினார். 2017ஆம் ஆண்டிலே தொண்ணூற்றோராவது வயதில் மறையும் வரை அவர் புளூஸ் கலைஞராகவே வாழ்ந்தார்.

ஊரிலுள்ள துவிச்சக்கர வண்டி திருத்துபவரிடம் பழைய கைபிடிக் குழாயொன்று கிடந்தது. அதிலிருந்து நான்கு அங்குலம் அறுத்து, ஓரங்களை அரத்தினால் தேய்த்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கிற்றாரின் தலைப்பக்கத்துத் தந்திகளுக்குக் கீழே மூங்கிற் சலாகையொன்றைச் செருகி அவற்றை உயர்த்தினோம். ஆறு தந்திகளையும் சட்சமும் பஞ்சமுமாகவே சுருதி சேர்த்தோம். அவ்வாறு சேர்த்துவிட்டால் வெறுந்தந்தியே தம்புராவாகிவிடும். மாணவன் கிற்றாரை மடியிற் கிடத்தி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே குழாயைப் பிடித்துக்கொண்டான். எங்கள் சங்கீத ஆசிரியைக்கு ஐயம் தீரவில்லை.

“சேர், மெட்டைப் பிடிக்காமல் இந்தப் பிள்ளை சுருதியில நிக்குமோ?” என்று கேட்டார்.

அவருடைய ஐயம் நியாயமானதே. முதல் மாதத்திலே எழுந்த ஓசையை இசை என்று சொல்ல முடியாது. பக்கத்து வகுப்பிலிருந்து முறைப்பாடுகள் வந்தன. ஒருநாள் அவன் சலித்துப்போய் என்னிடம் வந்தான்.

“சேர், இஞ்சதான் நிக்கோணும் எண்டு காதுக்குத் தெரியுது, கைக்குத்தான் தெரியேல்லை” என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. பிழையைத் தானாகவே உணர்பவனுக்கு ஆசிரியன் செய்ய வேண்டிய வேலை பாதி முடிந்துவிட்டது. “கை மெல்ல மெல்லக் காதிட்டப் படிக்கும், தம்பி. அவசரப்படாதையும்” என்றேன். ஐயம் கொண்டிருந்த ஆசிரியையே பின்னர் நாள்தோறும் பாடசாலை முடிந்ததும் அரைமணி நேரம் அவனோடு இருந்தார். ஒரு சுரத்தை அவர் பாடுவார். அவன் அதனைத் தேடிப்போய்த் தொடுவான். அடுத்த ஆண்டு வாணி விழாவிலே அவன் ஒரு தேவாரப் பண்ணை வாசித்தான். இரண்டு இடங்களிற் குழாய் சற்றுத் தாண்டிப்போயிற்று. உடனே திரும்பி வந்தது. பின் வரிசையிலிருந்த தாய்மார் சிலர், பாடுவது யார் என்று எட்டிப் பார்த்தார்கள். அங்கே எவரும் பாடவில்லை.

அவன் பெருங்கலைஞனாகிவிட்டான் என்று சொல்லி உங்களை மகிழ்விக்க எனக்கு விருப்பந்தான். ஆனால் அது உண்மையாகாது. இப்பொழுது அவன் வவுனியாவில் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறான். மாலையில் வாசிக்கிறான் என்று அவனுடைய தாயார் சொன்னார். பின் வரிசையிலே மௌனமாக இருந்த பிள்ளைக்குத் தன் குரலைப்போல ஒன்று கிடைத்தது. ஓர் அதிபருக்கு அது போதுமானது.

கோட்டுவாத்தியத்தை வாசிப்போர் இன்று தமிழ்நாட்டிலும் மிகச் சிலரே. ஓல்மன் காலத்து றொக் இசையின் ஆரவாரமும் அடங்கிவிட்டது. ஆயினும் அக்கலை அறுந்துவிடவில்லை. ஓல்மனின் கையிலே போத்தலை எடுக்கச் செய்த அதே தாஜ் மகால், 1995ஆம் ஆண்டிலே விஸ்வ மோகன் பட்டுடனும் சித்திரவீணைக் கலைஞர் ரவிகிரணுடனும் சேர்ந்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். அதனைப் பதிவு செய்தவரும் நம் கவிச்சந்திரன் அலெக்சாந்தரே. மிசிசிப்பியின் புளூஸும் தஞ்சையின் கோட்டுவாத்தியமும் ஒரே அறையிலே அமர்ந்து வாசிக்க நேர்ந்தது அப்போதுதான். விஸ்வ மோகன் பட்டுக்கு 2017ஆம் ஆண்டிலே பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது.

இப்பதிவுகளைக் கேட்பதற்கு இன்று மிதியைச் சுழற்ற வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலே நொடியில் வந்துவிடுகின்றன. வசதியுள்ள நேயர்கள் ஒருமுறை தேடிக் கேளுங்கள். கேட்கும்போது, சுரங்களை மாத்திரம் கவனியாது, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியையும் கவனியுங்கள். வில்லி ஜோன்சனின் முனகலும், நம் பாட்டிமாரின் தாலாட்டும் அந்த வழியிலேதான் இருக்கின்றன. உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ பின் வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளை எவரேனும் இருந்தால், அப்பிள்ளையையும் பக்கத்தில் அழைத்து இருத்திக்கொள்ளுங்கள்.